தேடாதவையெல்லாம் இல்லாதவையா?

சென்ற தவணையில் எமது கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் ஒரு விளையாட்டு மூலை அமைப்பதென்று முடிவாகியது. மாரி காலத்தில் வெளியே போக முடியாத வேளைகளில் மாணவிகள் உட்கார்ந்து விளையாட இரண்டு மூன்று பலகைகள் வாங்கலாம். அதற்கென்று ஒரு சிறு தொகையும் இருந்தது. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். ஒருத்தி சதுரங்கம் என்றாள். இன்னொருத்தி கரம் என்றாள். டாம் வேண்டும் என்று ஒரு குழு. பின் வாங்கிலிருந்து ஒரு தங்கை மெதுவாக "பல்லாங்குழி" என்றாள். வாக்குவாதம் முடிவதாகத் தெரியவில்லை. அப்போது நான் எழுந்து, "சண்டை எதற்கு? கூகுளிடமே கேட்டுப் பார்ப்போம்" என்றேன்.

கூகுள் ட்ரென்ட்ஸ் என்றொரு வசதி இருக்கிறது. ஒரு சொல்லை மக்கள் எந்தக் காலத்தில், எந்த நாட்டில், எவ்வளவு தேடினார்கள் என்பதை அது வரைபாகக் காட்டும். ஐந்து சொற்கள் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நான் நான்கு விளையாட்டுகளையும் இட்டு, நாடு இலங்கை, காலம் கடந்த ஐந்து ஆண்டுகள் என்று தெரிவுசெய்து, வரைபைத் திரையில் காட்டினேன். சதுரங்கத்தின் கோடு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கரம். பல்லாங்குழியின் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சுட்டியைக் கொண்டுபோய் வைத்த இடமெல்லாம் பூச்சியம்.

"பூச்சியத்துக்கா காசு செலவழிக்கப் போறோம்?" என்று கேட்டது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தங்கையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இரண்டு சதுரங்கப் பலகையும் ஒரு கரம் பலகையும் வாங்கப்பட்டன. 'தரவு பேசியது' என்ற பெருமையோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த யோசனை என் சொந்த மூளையில் உதித்தது அல்ல. மொறட்டுவையில் படிக்கும் என் காக்காவிடமிருந்து வந்தது. அவருடைய அறைத் தோழர்கள் சிலர் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் பித்துப் பிடித்தவர்கள். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம்: ஒருவர் வீரன், ஒருவர் வைத்தியர், ஒருவர் கள்வன். "குகை வாசலில் நிற்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்க, அவரவர் தம் பாத்திரமாகப் பதில் சொல்வார்கள். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். எழுதி வைக்காத நாடகம் என்று சொல்லலாம். பகடை பற்றி மார்க்கம் சொல்வதைப் பெரியவர்கள் அறிவார்கள். அதை ஆடச் சொல்லி நான் எழுதவில்லை. அவர்கள் எண்ணிய முறையைப் பற்றியே பேச வருகிறேன்.

இந்த வகை விளையாட்டில் முதலில் வெளிவந்தது 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974 இல் அதை வெளியிட்டார்கள். பிறகு 1977 இல் 'ட்ரவலர்', 1981 இல் 'கோல் ஒஃப் துலு', 2009 இல் 'பாத்ஃபைன்டர்' என்று பல வந்தன. இவற்றில் எது அதிகம் பேர் விரும்புவது என்று காக்காவின் தோழர்களுக்குள் எப்போதும் தர்க்கம். ஒருவர் கூகுள் ட்ரென்ட்ஸ் வரைபைக் காட்டி, "இதோ, டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்தான், பேச்சு முடிந்தது" என்றாராம். காக்கா தொலைபேசியில் இதைச் சொன்னபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எந்த வாக்குவாதத்தையும் ஒரு நிமிடத்தில் முடிக்கக்கூடிய கருவி கையில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

அந்தத் தர்க்கம் அத்தோடு முடியவில்லை என்பதை அவர் பின்னால்தான் சொன்னார். மற்றவர்கள் அந்த வரைபைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விகளை முதலிலேயே கேட்டிருந்தால் நானும் என் தங்கையைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டேன்.

முதற் கேள்வி பெயர் பற்றியது. 'பாத்ஃபைன்டர்' என்று தேடுபவர் எல்லோரும் விளையாட்டைத் தேடுகிறார்களா? நிசான் நிறுவனத்துக்கு அதே பெயரில் ஒரு வாகனம் இருக்கிறது. 1997 இல் செவ்வாயில் இறங்கிய நாசா விண்கலத்துக்கும் அதே பெயர். 'ட்ரவலர்' என்றால் பயணி. உலகத்துப் பயணிகள் எல்லோரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். இதற்காகவே கூகுள் ட்ரென்ட்ஸில் வெறும் சொல்லாகத் தேடாமல், 'இந்தப் பெயருள்ள விளையாட்டு' என்று தலைப்பாகத் தெரிவுசெய்யும் வழியும் உண்டு. நான் அதைச் செய்யவில்லை. 'டாம்' என்று நான் இட்டதில் பூனை டாமும் எலி ஜெரியும் எவ்வளவு கலந்திருந்தன என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இரண்டாவது கேள்வி, ஏன் தேடினார்கள் என்பது. 2016 இல் 'ஸ்ட்ரேன்ஜர் திங்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் வரும் சிறுவர்கள் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுவார்கள். தொடரைப் பார்த்தவர்கள் அது என்னவென்று தேடுவது இயல்பு. 2023 ஜனவரியில் அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் அதன் அனுமதி விதிகளை மாற்றப்போவதாகச் செய்தி கசிந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். மாத முடிவில் நிறுவனம் பின்வாங்கியது. கோபப்பட்டுத் தேடுவதும் தேடல்தான். விட்டுவிட்டுப் போக வழி தேடுவதும் தேடல்தான். வரைபில் எல்லாம் ஒரே கோடாக மேலே ஏறும். கோட்டுக்கு அன்பும் தெரியாது, ஆத்திரமும் தெரியாது.

இதை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2022 இல் எமது நாட்டில் எரிபொருள் வரிசை நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது, எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பெட்ரோல் பற்றித் தேடினோம் என்று கணக்கில்லை. பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த நாட்களில் ஒரு தடவைகூடத் தேடியதில்லை. தேடல் கூடியது பெட்ரோல் இல்லாததால்தான்.

மூன்றாவது கேள்வி, அந்த எண் எதன் எண் என்பது. நான் 100 என்பதை ஆட்களின் தொகை என்று நினைத்திருந்தேன். அது அப்படியல்ல. அந்த இடத்தில், அந்த நேரத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்து, ஒப்பிடுபவற்றில் மிக உயர்ந்த புள்ளியை 100 என்று வைத்து, மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்குகிறார்கள். எல்லாத் தேடல்களையும் எண்ணுவதுமில்லை. ஒரு மாதிரியை எடுத்தே கணிக்கிறார்கள். மிகக் குறைவாகத் தேடப்படும் சொல்லுக்குப் பூச்சியம் என்று போட்டுவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பூச்சியத்தின் பொருள் 'யாரும் இல்லை' என்பதல்ல. 'எமது அளவுகோலில் தெரியவில்லை' என்பதே. யானையின் பக்கத்தில் எறும்பை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, எறும்பைக் காணவில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன்.

பங்கு என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பத்துப் பேர் உள்ள வகுப்பில் 2 பேர் ஒரு விளையாட்டைக் கேட்டால் அது 20 வீதம். நூறு பேர் உள்ள வகுப்பில் 5 பேர் கேட்டால் 5 வீதம். கேட்டவர்கள் கூடியிருக்கிறார்கள், கோடு மட்டும் கீழே இறங்கியிருக்கும். இந்தத் தரவு 2004 இலிருந்து கிடைக்கிறது. அன்று இணையத்தில் இருந்தவர்கள் சிறு கூட்டம். இன்று கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் தொலைபேசி. பழைய கோடுகள் பல சரிந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேடலை வைத்து நாட்டின் நிலையைக் கணிப்பதில் கூகுள் நிறுவனமே ஒரு தடவை சறுக்கியது. மக்கள் காய்ச்சல் பற்றித் தேடுவதைக் கொண்டு, எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று சொல்லும் திட்டத்தை 2008 இல் தொடங்கினார்கள். 2012–2013 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அது உண்மையான அளவைவிட ஏறத்தாழ இரு மடங்கு கணித்தது. செய்தியைக் கேட்டுப் பயந்து தேடியவர்களும் நோயாளர் கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2015 இல் அந்தக் கணிப்பை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவையும் நான் நிதானமாகப் படித்து உணர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என்னைப் படிக்க வைத்தது தன்னாமுனைக்குப் போன ஒரு சனிக்கிழமை.

என் மூத்தம்மா ஏறாவூரில் கைத்தறிச் சாறன் விற்றவர். மட்டக்களப்புப் பாதையில் தன்னாமுனை வரைக்கும் வீடு வீடாகப் போவாராம். அங்கே ஒரு வீட்டில்தான் பகலில் தண்ணீர் குடித்து இளைப்பாறுவார். அந்த வீட்டுப் பெத்தாவும் அவரும் அப்படியே கூட்டாளியாகிவிட்டார்கள். 1990 க்குப் பிறகு பல வருடங்கள் இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாமல் போனது. இப்போது முழங்கால் வலியோடு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மூத்தம்மா அங்கே போவார். அன்று அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள்.

வாவிக் காற்று அடிக்கும் விறாந்தையில் பாய் விரித்தார்கள். பெத்தா உள்ளே போய், அலுமாரிக்கு மேலிருந்து சீலையில் சுற்றிய ஒரு பலகையை எடுத்து வந்தார். இரண்டு வரிசையில் ஏழு ஏழாகப் பதினான்கு குழிகள். விரல் பட்டுப் பட்டு உள்பக்கம் வழுவழுப்பாகியிருந்தது. அது மூத்தம்மாவுடைய பலகையாம். அன்று விற்கப் போன இடத்தில் விளையாட வைத்திருந்தது, நடுவில் போன அத்தனை வருடங்களும் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது.

குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. இருவரும் பேசிக்கொண்டே ஆடினார்கள். யார் வீட்டில் கலியாணம், யாருக்குச் சுகமில்லை, யார் வெளிநாடு போனது என்று பேச்சு ஒரு பக்கம் ஓட, விரல்கள் தம்பாட்டில் கொட்டைகளைப் போட்டுக்கொண்டு போயின. நாலு சேர்ந்த குழியைக் கண்டதும் "பசு!" என்று அள்ளினார்கள். "என்னகா, கள்ளக் கணக்குப் போடுறாய்?" என்று பெத்தா கேட்க, மூத்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு என் வரைபு ஞாபகம் வந்தது. தொலைபேசியை எடுத்து, "மூத்தம்மா, இதைக் கூகுளில் யாருமே தேடுவதில்லையாம்" என்று காட்டினேன். மூத்தம்மா அதற்குச் சொல்லும் பெயர் பல்லாங்குழி அல்ல, வெறும் 'குழி'. அந்தச் சொல்லை இட்டுத் தேடியபோது வீதியில் உள்ள பள்ளங்கள்தான் வந்தன. பெத்தா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத ஏன் மகள் தேடணும்? இது இஞ்சதானே கிடக்கு."

நான் படித்த எல்லா விளக்கங்களையும்விட அந்த ஒரு வார்த்தை பெரியது. தெரிந்தவர் தேடமாட்டார். வாராவாரம் மேசையைச் சுற்றி உட்காரும் காக்காவின் தோழர்களிடம் புத்தகம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் விளையாட்டின் பெயரை ஏன் தேடப்போகிறார்கள்? தேடுபவர் அனேகமாக வாசலில் நிற்பவர். வீட்டுக்குள் இருப்பவரை வரைபு காண்பதில்லை. கையால் கைக்குக் கொடுக்கப்பட்ட ஒன்று, தட்டச்சுப் பலகையைத் தொடாமலே ஒரு நூற்றாண்டு வாழ்ந்துவிடும்.

இந்த விளையாட்டோ ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. சிங்கள மக்கள் இதை 'ஒலிந்த கெலிய' என்பார்கள். ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் அதை விவரித்திருக்கிறார். அரபு நாடுகளிலும் ஆபிரிக்காவிலும் இந்தக் குடும்பத்து விளையாட்டுகள் உண்டு. அவற்றுக்குப் பொதுவாக வழங்கும் 'மன்கலா' என்ற பெயர், நகர்த்துதல் என்று பொருள்படும் 'நகல' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மாலைதீவிலும் மலேசியாவிலும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பெயர். தமிழிலேயே பல பெயர்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் 'ழ'கரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இத்தனை பெயராகச் சிதறிக் கிடப்பதை ஒரு சொல்லில் அளந்துவிட்டுப் பூச்சியம் என்றேன் நான்.

"அப்படியானால் வரைபு பொய்யா?" என்று ஒரு தோழி கேட்டாள். பொய் என்று சொல்லமாட்டேன். அதில் ஓர் உண்மை இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் கசப்பானது. தெரிந்தவர்கள் தேடுவதில்லை, சரி. தெரியாதவர்கள்? நான், என் வயதுப் பிள்ளைகள்? நாங்களும் தேடவில்லையே. ஒரே கூரையின் கீழ் பதினேழு வருடம் இருந்தும் மூத்தம்மாவிடம் "நீங்கள் சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள்?" என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சதுரங்கத்தில் தமிழ்நாட்டுக் குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சம்பியனானபோது நானும் அவர் பெயரைத் தேடினேன். மூத்தம்மாவின் விளையாட்டைத் தேடத் தோன்றவில்லை. அந்தப் பூச்சியம் விளையாட்டுக்குக் கிடைத்த புள்ளி அல்ல, எனக்குக் கிடைத்த புள்ளி.

இதை ஒரு விளையாட்டோடு நிற்கும் விஷயமாக நான் பார்க்கவில்லை. எண்ணப்படுவதற்குத்தான் காசு ஒதுக்குகிறார்கள், இடம் ஒதுக்குகிறார்கள். எண்ணப்படாதது தானாக ஒதுங்கிப்போகிறது. இன்று ஒரு பலகை. நாளைக்கு ஒரு பாட்டு, ஒரு கைவைத்தியம், ஒரு தறி. 'யாரும் தேடவில்லை' என்ற ஒரு வரியில் இவற்றையெல்லாம் தள்ளிவிட முடியும் என்பதை, தள்ளிய கை என்னுடையதாக இருந்தபடியால், நன்றாக அறிவேன்.

ஆகவே என் கருத்து இதுதான். தேடல் வரைபைப் பயன்படுத்துங்கள், தடையில்லை. ஒரே விளையாட்டின் மேல் இருக்கும் ஆவல் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று பார்க்க அது நல்ல கருவி. ஆனால் அதை நீதிபதியின் ஆசனத்தில் உட்கார வைக்காதீர்கள். கோடு ஏறியிருந்தால், அந்த மாதம் என்ன நடந்தது என்று கேளுங்கள். கோடு படுத்திருந்தால், பெயர் சரியா, பக்கத்தில் யானை நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு திரையை மூடிவிட்டு ஆட்களிடம் கேளுங்கள்.

நான் கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில், "உங்கள் வீட்டில் யாருக்காவது பல்லாங்குழி தெரியுமா?" என்று கேட்டபோது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான கைகள் உயர்ந்தன. "என் மாமிக்குத் தெரியும்", "எங்கட மூத்தம்மா மண்ணில் தோண்டி ஆடுவா" என்று சத்தம் எழுந்தது. அந்தத் தங்கையைத் தேடிப் போய் மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்ல ராத்தா, உங்களுக்கு ஆடத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். இடைவேளையில் பெரிய மரத்தின் கீழ் மணலில் பதினான்கு குழி தோண்டினோம். கொட்டைகளை அவள் கொண்டு வந்திருந்தாள். நாங்கள் அன்று வாக்குவாதப்பட்ட தொகையில் ஒரு சதம்கூடத் தேவைப்படவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் தொலைபேசியில் தேடும்போது, உங்களிடம் கேட்க வேண்டியதையும் அங்கேயே தேடுகிறார்கள் என்று வருந்தாதீர்கள். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிக்கொடுங்கள். தோழிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடிய விளையாட்டின் பெயர், குழி எத்தனை, கொட்டை எத்தனை, யார் சொல்லிக்கொடுத்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சேர்த்து அடுத்த இதழில் தருவோம், இன்ஷா அல்லாஹ். பிறகு யாராவது ஒரு பிள்ளை தமிழில் தேடினால், பதில் சொல்ல எழுத்தில் ஏதாவது இருக்கும்.

பல்லாங்குழியில் ஒரு விதி உண்டு. கையில் உள்ள கொட்டைகள் முடிந்து, அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அந்த வெறுங்குழியை விரலால் துடைத்துவிட்டு அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை விளையாடியபோது வெறுங்குழியைக் கண்டதும் என் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழப் பார்த்தேன். மூத்தம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்க எழும்புறாய் மகள்? துடைச்சிப்போட்டு அங்கால பாரு."